ஆல்ஃபாக்ஸ்டனுக்குக் குடி வந்தவர்கள்

1797-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தின் நடுவில், இங்கிலாந்தில் ஸாமர்ஸெட் ஜில்லாவிலுள்ள நெதர் ஸ்டோயி என்ற சிற்றூருக்கு லண்டனிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஜேம்ஸ் வால்ஷ். 'குளோப்' என்ற விடுதியில் இறங்கினார். அவர் ஸர்க்கார் ஒற்றர். பக்கத்தில் ஆல்ஃபாக்ஸ்டன் என்ற பெரிய வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து மேலிடத்துக்கு எழுதவேண்டும். அவர்கள் பிரெஞ்சு வேவுகாரர்கள் என்று மந்திரிக்குப் புகார் போயிருந்தது.

குடி வந்திருந்தவர்கள் கவி வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும்.

இலக்கிய சரித்திரக்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வழி காட்டியவர் கோல்ரிட்ஜ்தான். கடற்கரை மேட்டின் பின்னால் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்ட ஒற்றன், தாங்கள் ஸ்பினோஸா என்ற தத்துவ ஞானியைப் பற்றிப் பேசியதை 'ஸ்பை நோஸி' என்று காதில் வாங்கிக்கொண்டு, தன் மூக்கைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தானாம். இருபது வருஷம் கழித்து, 1817-ல் அவர் எழுதியது இது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. வால்ஷ் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களில் மூக்கும் இல்லை, ஸ்பினோஸாவும் இல்லை.

எனக்கு ருசிப்பவை அந்தக் கடிதங்கள்தாம். ஓர் ஊர், புதுக் குடித்தனத்தை வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பார்வை அப்படியே அவற்றில் பதிந்திருக்கிறது.

முதலில் வந்தவர் கோல்ரிட்ஜ். வயது இருபத்து நாலு. பிரிஸ்டல் நகரத்தில் ராஜாங்கத்தைத் தாக்கிப் பிரசங்கங்கள் செய்து பேர் வாங்கியவர். நகர வாழ்க்கை வேண்டாம், தோட்டம் போட்டுப் பன்றியும் வாத்தும் வளர்த்துப் பிழைப்போம் என்று தீர்மானித்து, 1796 டிஸம்பர் கடைசி நாளன்று மனைவியும் கைக்குழந்தையுமாக ஸ்டோயி வந்தார். வீடு பார்த்துக் கொடுத்தவர் தாமஸ் பூல். தோல் பதனிடும் தொழில் நடத்துகிறவர். தானாகப் படித்துப் பண்டிதரானவர். கடைசி நேரத்தில் பூலுக்கே பயம் வந்துவிட்டது. வீடு சிறியது, உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்று வராமலிருக்கச் சொல்லிப் பார்த்தார். கோல்ரிட்ஜ் கடிதம் கடிதமாகப் புலம்பி எழுதியதும் மனம் இளகிவிட்டார். வீட்டில் அடுப்பு புகைந்தது, எலிகள் ஓடின. தோட்டத்தில் களைதான் நன்றாக வளர்ந்தது. ஆனால் கொல்லை வழியாகப் பூல் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வழிக்காகவே அவர் ஸ்டோயியில் தங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1797 ஜூலையில் வேர்ட்ஸ்வொர்த்தும் டாரதியும் வந்தார்கள். அதுவும் பூல் செய்த ஏற்பாடு. மான்கள் மேயும் தோட்டத்தோடு கூடிய மாளிகை, வருஷத்துக்கு இருபத்து மூன்று பவுன் வாடகை. ஊர் இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. உத்தியோகம் கிடையாது, வேட்டை கிடையாது, பயிர் கிடையாது. இவ்வளவு பெரிய வீடு எதற்கு? மனைவி இல்லை, தங்கை என்று ஒரு பெண்ணைச் சொல்லிக்கொள்கிறார். பேச்சும் வேறு மாதிரி, வடக்கத்திப் பேச்சு. ராத்திரியில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு குன்றுகளில் அலைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையன்று துணி துவைத்துத் தைக்கிறார்கள். ஓடையைக் காட்டி, இதில் கடல் வரையில் படகு போகுமா என்று கேட்கிறார்கள். போகாது என்று சொன்ன பிறகும் கரையோடு கடல் வரையில் பார்த்துக்கொண்டே போகிறார்கள்!

கோல்ரிட்ஜ் அப்போது ஓடையைப் பற்றி ஒரு நீண்ட காவியம் எழுத யோசித்துக்கொண்டிருந்தார். காவியம் எழுதப்படவே இல்லை.

கிராமத்தார் முட்டாள்கள் என்று சிரிப்பதற்கு முன்னால் அந்த வருஷத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில்தான் பிரெஞ்சுப் படை வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்டில் இறங்கியிருந்தது. சுமார் 1400 பேர். இரண்டு நாளில் சரணடைந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் அந்தக் கப்பல்கள் பிரிஸ்டல் கால்வாய்க்கே வந்து போயிருந்தன. கோடையில் ஆங்கிலக் கடற்படையிலேயே கலகம். இந்த நிலைமையில், கடலைப் பார்த்த மாளிகையில் உட்கார்ந்து ஓடையின் ஆழத்தை விசாரிக்கிறவனை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்? தவிரவும், உழுகிறவனுக்கு நடை என்பது ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவதற்காக. சும்மா நடப்பவனை எந்தக் கிராமமும் உடனே நம்பிவிடாது.

அதற்குள் இன்னொருவரும் வந்தார். ஜான் தெல்வால். 1794-ல் ராஜத் துரோக வழக்கில் நின்று விடுதலையானவர்; ஸர்க்காருக்குக் கண்ணில் முள். ஜூலையில் ஆல்ஃபாக்ஸ்டனில் விருந்து. பரிமாறக் கூலிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்பவன் பின்னால் வால்ஷிடம் சொன்னான்: பதினாலு பேர் சாப்பிட்டார்கள், சாப்பாடு முடிந்ததும் குட்டையான, தடித்த ஆசாமி ஒருவர், கத்தரித்த கறுப்பு முடி, வெள்ளைத் தொப்பி, எழுந்து நின்று ஆவேசமாகப் பேசினார், பயந்துபோய் அப்புறம் அந்தப் பக்கமே தான் போகவில்லை.

புகார் பிரயாணம் செய்த பாதையைப் பாருங்கள். ஆல்ஃபாக்ஸ்டன் எல்லையில் குடியிருந்த கிழவர் கிறிஸ்டபர் டிரிக்கியும் அவர் மனைவியும், முன்பு அந்த வீட்டில் வேலை பார்த்த மோக் என்பவனிடம் சொன்னார்கள். மோக், பாத் நகரில் டாக்டர் லைஸன்ஸ் வீட்டுச் சமையற்காரியிடம் சொன்னான். அவள் எஜமானரிடம் சொன்னாள். அவர் மந்திரி போர்ட்லண்டு பிரபுவுக்கு எழுதினார். அடுப்பங்கரையிலிருந்து மந்திரி மேஜை வரையில் எங்கும் தடங்கலே இல்லை.

வால்ஷ் கெட்டிக்காரர். இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல, ராஜாங்கத்தின் மேல் வெறுப்புற்ற ஆங்கிலேயக் கூட்டம் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து எழுதிவிட்டார். ஸர்க்கார் யாரையும் கைது செய்யவில்லை. செய்ததெல்லாம் ஊர்தான். வீட்டுக்கார அம்மாள் ஒரு வருஷத்துக்கு மேல் வீடு கிடையாது என்றாள். செப்டம்பரில் பூல் அவளுக்கு நீண்ட கடிதம் எழுதி, இவர்கள் அமைதியான நல்ல மனிதர்கள் என்று மன்றாடினார். பலிக்கவில்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் வேர்ட்ஸ்வொர்த்துக்காக வருத்தப்படுகிறார்கள். என் மனசு தெல்வாலிடம் போகிறது. பிரசங்கத்துக்குப் போன இடமெல்லாம் ஜனங்கள் கல்லும் தடியுமாக வந்ததில் களைத்துப்போன மனிதர். ஸ்டோயியை விட்டுக் கிளம்பும்போது, ஜூலை 27-ந் தேதி, தம் பிறந்த நாளன்று, இந்தச் சிநேகிதர்கள் பக்கத்தில் ஒரு குடிசையில் வாழ்வதாகக் கனவு கண்டு கவிதை எழுதினார். வீடு பார்த்துத் தரும்படி கேட்டார். கோல்ரிட்ஜ் ஆகஸ்டில் பதில் எழுதினார். என்னை அழைத்து வந்ததற்கே பூலுக்கு ஊரில் கெட்ட பெயர்; அது ஏறக்குறைய மறையும் தறுவாயில் வேர்ட்ஸ்வொர்த் வந்தார், மறுபடியும் கொந்தளிப்பு; மூன்றாவதாக நீரும் வந்தால் கலகமே நடக்கலாம்; ஆகையால் இப்போது வரவேண்டாம். அதுதான் கடிதத்தின் சாரம்.

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூல் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே தொழில் நடத்தி, அங்கேயே சாகவேண்டியவர். கவிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் எங்கே போவார்? இருந்தாலும் அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது தெல்வாலின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் வேல்ஸில் லிஸ்வென் என்ற கிராமத்தில் நிலம் எடுத்துக்கொண்டு போனார். விளைச்சல் கைவிட்டது. 1799-ல் சின்ன மகள் அங்கேயே இறந்தாள். அந்த ஊராரும் அவரை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தும் டாரதியும் 1798 ஜூன் கடைசியில் ஆல்ஃபாக்ஸ்டனைக் காலி செய்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் எழுதிய கவிதைகள் அதே இலையுதிர் காலத்தில் 'லிரிகல் பாலட்ஸ்' என்று வெளிவந்தன. அதில் ஸைமன் லீ என்ற முதிய வேட்டைக்காரரைப் பற்றி ஒன்று உண்டு. தள்ளாத கிழவர் ஒரு மரத்தின் வேரை வெட்ட மாட்டாமல் தவிக்கிறார். கவி மண்வெட்டியை வாங்கி ஒரே வெட்டில் வெட்டிக் கொடுக்கிறார். கிழவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. அந்தக் கிழவர் வேறு யாரும் அல்ல, டிரிக்கிதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

ஒற்றரின் கடிதங்களில் இருந்தது, கவிகள் எல்லோரும் போய் வெகு காலத்துக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில்தான் விவரமாக வெளியே வந்தது. வேர்ட்ஸ்வொர்த் தம் முதுமையில் இந்தக் கவிதையைப் பற்றிச் சொல்லும்போது, நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் நேற்றுப் பார்த்ததுபோல் அந்தக் கிழவரின் உருவம் கண்முன் நிற்கிறது என்றார்.