டெம்ப்ளர் சபையின் ஒழுங்குவிதி

சிலுவைப்போர்க் காலத்தில் துறவு வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வாளேந்திய கிறித்தவ வீரர்களின் சட்டநூல் இது. 1119 வாக்கில் யூக் டி பேயன் என்ற பிரெஞ்சு வீரர் எருசலேமில் தொடங்கிய சபை, திருத்தலப் பயணிகளுக்குக் காவல் நின்றது. மன்னர் இரண்டாம் பால்ட்வின் அல் அக்சா பள்ளிவாசலில் இவர்களுக்கு இடம் தந்தார். சாலமோனின் ஆலயமாக அது கருதப்பட்டதால், ‘ஆலயத்தார்’ எனப் பொருள்படும் ‘டெம்ப்ளர்’ என்ற பெயர் சபைக்கு நிலைத்தது.

1129இல் பிரான்சின் துருவா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இலத்தீனில் 72 பிரிவுகளாக விதி வகுத்தது. மடாதிபதி கிளேர்வோ பெர்னார்டும் அதில் கலந்துகொண்டார். புனித பெனடிக்டின் மடத்து விதியே இதற்கு அடிப்படை. பின்னர் பிரெஞ்சில் பெயர்த்தபோதும் அதற்குப் பிறகும் படைநடத்தை, தண்டனை பற்றிய பிரிவுகள் சேர்ந்து நூல் பல மடங்கு பெருத்தது.

வீரப்புகழ் தேடிப் படிப்பவர் இதில் ஏமாறுவார். வாரத்துக்கு மூன்று நாள்தான் இறைச்சி. கூர்முனைக் காலணி கூடாது. கடிவாளத்தில் பொன், வெள்ளி கூடாது. தாயைக்கூட முத்தமிடக் கூடாது. வேட்டைக்கும் தடை, சிங்கம் மட்டும் விலக்கு. ஒருவருக்கு மூன்று குதிரை, ஓர் ஏவலாள். காலைச் செபத்துக்கு வர இயலாதவர் பரலோக மந்திரத்தைப் பதின்மூன்று முறை சொல்ல வேண்டும். சபையார் ஒருவர் இறந்தால் அவர் பங்கு உணவை நாற்பது நாள் ஏழை ஒருவருக்குக் கொடுத்தார்கள். நூலிலேயே மனத்தைத் தொடும் பிரிவு இதுதான்.

போர்க்களத்தில் மற்ற வீரர்களுக்குப் பெருமை தந்த செயல் இங்கே குற்றமானது. உத்தரவின்றி வரிசையை விட்டுப் பாயக் கூடாது. கிறித்தவன் ஒருவன் அசட்டுத் துணிச்சலால் துருக்கியரிடம் சிக்கி உயிருக்குப் போராடினால் மட்டும், மீட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இடத்துக்குத் திரும்பலாம். கறுப்பும் வெள்ளையுமான சபைக்கொடி நிற்கும்வரை பின்வாங்கக் கூடாது; அது விழுந்தால் இவர்களைப் போன்ற மற்றொரு வீரத்துறவியர் சபையான ஹாஸ்பிடலரின் கொடியையோ வேறு கிறித்தவக் கொடியையோ நாடி அதன்கீழ்ப் போரிட வேண்டும்.

கொடியை விட்டு ஓடியவர், கிறித்தவரைக் கொன்றவர், திருடியவர், சபைக்கூட்ட இரகசியத்தை வெளியிட்டவர் ஆகியோர் நீக்கப்பட்டனர். அதற்கடுத்த தண்டனை அங்கி பறிப்பு. வெள்ளை மேலங்கியை இழந்தவர் ஓராண்டும் ஒரு நாளும் வரை தரையில் அமர்ந்து உண்ண நேரலாம். தண்டனையைவிட அவமானமே உறைத்திருக்கும்.

அனுமதியின்றி விதிநூலை வைத்திருப்பதும் தடைசெய்யப்பட்டது. இந்த மூடுமந்திரம் சபைக்கே வினையானது. 1307 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் சபையாரைக் கைதுசெய்தபோது, மறைவில் நடந்த சேர்ப்புச் சடங்கைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பத் தயாராக இருந்தது. 1312இல் போப் ஐந்தாம் கிளமென்ட் சபையைக் கலைத்தார். பிரெஞ்சு விதிநூலை ஆன்றி டி குர்சோன் 1886இல் பாரிசில் பதிப்பித்தார்.