கருவி மனிதனுக்கா, மனிதன் கருவிக்கா?

தமிழ் விசைப்பலகையின் வரலாறு கூறும் பாடம்

கருவி என்பது மனிதனுடைய கையின் நீட்சியாகும். மண்வெட்டியின் காம்பு பிடிக்கு அடங்கவில்லையெனில் அதைச் செய்தவனைக் கடிந்துகொள்கிறோமேயன்றி, வெட்டுவோனுடைய கையைக் குறை கூறுவதில்லை. ரப்பர் மரம் சீவும் கத்தி மழுங்கியிருந்தால், சீவும் பெண்ணுக்கு அறிவு போதாது என்று சொல்வார் எவருமிலர். ஆனால் கணினியும் கைப்பேசியும் வந்தபின் இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது. திரையில் தோன்றும் படிவம் ஒருவருக்கு விளங்காவிடில், அதனை ஆக்கியவரை எவரும் கேள்வி கேட்பதில்லை. விளங்காதவரே வெட்கித் தலை குனிகிறார். "எனக்கு அவ்வளவு படிப்பில்லை, தம்பி; நீயே பார்த்துப் போட்டுவிடு" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதை நாம் அன்றாடம் கேட்கிறோம். தமிழ்ப் பள்ளியில் பயின்று, தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவரும் இவ்வாறே சொல்கின்றனர். இந்த வெட்கம் அவர்களுக்கு உரியதுதானா? அன்று என்பதே நமது துணிபு. தமிழ் எழுதும் கருவிகளின் வரலாறே அதற்குச் சான்று.

ரயில் கற்பித்த நியாயம்

செந்தூல்வாசிகளுக்கு இந்த விஷயம் முற்றிலும் புதியதன்று. செந்தூல் ரயிலால் வளர்ந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே தனது மத்தியப் பட்டறையை இங்கே நிறுவியது. அதைச் சூழ்ந்தே தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புகளும், கோயில்களும், பள்ளியும், சங்கங்களும் தோன்றின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகளும் அந்த ரயில்வேயின் கையும் காலுமாக இருந்தனர்.

ரயில் தொழிலின் ஆரம்ப நாட்களில், தண்டவாளத்தைத் திருப்பும் கைப்பிடியும் சைகை காட்டும் கைப்பிடியும் தனித்தனியே இயங்கின. சைகைக்காரர் களைப்பினால் ஒன்றை இழுத்து மற்றொன்றை மறந்துவிட்டால் வண்டிகள் மோதும். பழி அவர் தலையில் விழும். 1856-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர், இவ்விருவகைக் கைப்பிடிகளையும் ஒன்றோடொன்று பூட்டியிணைக்கும் பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளம் சரியாகத் திரும்பாதவரை சைகைக் கைப்பிடி அசையாது. மனிதன் களைப்பான், மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்பக் கருவியைத் திருத்தியதே இதன் பெருமை. பல தலைமுறை கழிந்து, 1988-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் கதவு, அடுப்பு, மின்விசை முதலிய வீட்டுப் பொருள்களைக்கொண்டே ஒரு நூல் எழுதி, பயன்படுத்துவோர் தடுமாறினால் குற்றம் பெரும்பாலும் பொருளின் அமைப்பிலேயே உள்ளது என்று விளக்கினார். ரயில் தொழிலாளர் கண்ணால் கண்ட நியாயமே பின்னர் கல்வியுலகில் சாஸ்திரமாயிற்று.

எழுத்தர் ஒருவரின் தொண்டு

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத் தட்டச்சுப் பொறி 1870-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அம்மொழிக்கு இருபத்தாறு எழுத்துக்களே. தமிழுக்கோ 247. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளுக்குள் இத்தனை எழுத்துக்களையும் எவ்வாறு அடக்குவது?

இதற்கு விடை கண்டவர் பல்கலைக்கழகப் பண்டிதர் அல்லர். 1886-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராக உழைத்த ஆர். முத்தையா அவர்களே அவர். மேசையில் அமர்ந்து நாள் முழுதும் கடிதம் எழுதியவருக்கே கருவியின் அருமையும் குறையும் தெரியும். 247 எழுத்துக்கள் என்பன உண்மையில் 247 வடிவங்கள் அல்ல. சில வடிவங்களும், அவற்றோடு சேரும் சில குறிகளுமே என்பதை அவர் கண்டார். 'வி' என்று அச்சிட வேண்டின் வகரமும் மேல்விசிறியும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். அதற்காக, அடித்தாலும் காகிதத்தை நகர்த்தாத 'நகரா விசை'யை அமைத்தார். விசிறியை முதலில் அடித்தால் காகிதம் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னர் வகரத்தை அடிக்க, இரண்டும் பொருந்தும். இத்தகைய பொறியை அவர் ஜெர்மனியில் செய்வித்தார். தமிழகத்திலும் இலங்கையிலும் மலாயாவிலும் அலுவலகங்களில் தமிழ் தட்டச்சு ஏறியது இவ்வாறுதான்.

இதில் ஒரு விலையும் இருந்தது. வாய் வகரத்தை முதலிலும் இகரத்தைப் பின்னும் ஒலிக்க, கை குறியை முதலிலும் மெய்யைப் பின்னும் அடித்தது. இரும்பு அன்று வேறு வழி விடவில்லை. ஆகவே அது குறையன்று. ஆனால் இரும்பின் கட்டாயம் நீங்கியபின்னும் கை அதே பழக்கத்திற்கு அடிமையாயிருக்க வேண்டுமா? இந்த வினா பின்னர் எழுந்தது.

எழுத்துச் சீர்திருத்தம்

கருவியை எழுத்துக்கேற்பத் திருத்தினார் முத்தையா. எழுத்தையே மக்களுக்கேற்பத் திருத்த முன்வந்தார் பெரியார். 1935-ம் ஆண்டில் 'குடி அரசு' இதழ் சீர்திருத்த எழுத்துக்களில் வெளிவரத் தொடங்கியது. ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழி வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற வளைவுகளும் அந்நாளில் வழங்கின. மற்ற எழுத்துக்களுக்குத் துணைக்காலும் ஐகாரக் கொம்பும் போதுமாயிருக்க, இவற்றுக்கு மட்டும் தனி வடிவம் எதற்கு என்பதே கேள்வி. குழந்தைக்கும் எளிது, அச்சுக் கோப்பவருக்கும் எளிது, பொறிக்கும் எளிது.

முன்னோர் எழுதிய எழுத்தில் கைவைப்பதா என்ற எதிர்ப்பு எழாமலில்லை. ஓலையில் எழுதிய வடிவம் வேறு, கல்லில் பொறித்த வடிவம் வேறு என்பதையும், எழுத்து எக்காலத்தும் மாறியே வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. தமிழக அரசு 1978-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆணையிட்டு இம்மாற்றங்களில் 13 எழுத்துக்களை ஏற்றது. ஒரு பத்திரிகை செய்து காட்டியதை ஓர் அரசு ஏற்க 43 ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அவ்வழி நின்றன. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பழைய 'லை' தெரியும்? அதை இழந்ததனால் தமிழுக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. கற்பது சற்றே எளிதாயிற்று.

கணினி வந்தது

கணினித் தமிழின் வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சிறப்பான இடம் உண்டு. மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தரான முத்து நெடுமாறன் 1985-ம் ஆண்டில் தொடங்கிய முயற்சியே 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளாக வளர்ந்தது. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995-ம் ஆண்டில் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். 1999-ம் ஆண்டில் அவர் மறைந்தது தமிழுக்குப் பெரும் இழப்பு.

எனினும் அந்நாளில் ஒரு பெருந்தொல்லை இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தது. சென்னையில் ஒருவர் தமிழில் அனுப்பிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத கோலாலம்பூர்க் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இதனைத் தீர்க்கவே 1997-ம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1999-ம் ஆண்டில் சென்னையிலும், 2000-ம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001-ம் ஆண்டில் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-ம் ஆண்டில் பிறந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு 1991-ம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010-ம் ஆண்டில்தான். இங்கும் 19 ஆண்டுகள்!

மூன்று வழிகள்

கணினியில் தமிழ் எழுத மூன்று வழிகள் பெரிதும் வழங்குகின்றன. முதலாவது, பழைய தட்டச்சுப் பொறியின் அடுக்கு. அதில் பயின்றவர்களுக்கு அது சௌகரியமே. புதிதாகக் கற்போருக்கோ பெருஞ்சுமை.

இரண்டாவது, ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால் தமிழாக மாறும் ரோமன் முறை. ஆங்கில வழியில் பயின்ற நம்மனோர்க்கு இம்முறை பேருதவி புரிந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தமிழை எழுதவே துணியாதிருந்த பலர் இதனால் எழுதத் தொடங்கினர். ஆனால் இம்முறையின் உள்ளே ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. கணினியைத் தொடுகிறவருக்கு ஆங்கில நெடுங்கணக்கு தெரிந்தே இருக்கும் என்பதே அவ்வெண்ணம். தமிழ் மட்டும் கற்ற தாய் ஒருத்தி தன் மகனுக்குத் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டுமெனில், முதலில் ஆங்கில எழுத்தைக் கற்று வா என்று சொல்வது எவ்வகை நீதி? நகரமும் னகரமும், லகரமும் ளகரமும் வேறு வேறென்று நன்கறிந்த அவள், அவற்றுக்கு எந்த ஆங்கில எழுத்து, சிறியதா பெரியதா என்று தேடித் திகைக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியும். அவளுடைய தமிழைக் கருவிக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது, 1999-ம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என்று அரிச்சுவடியில் படித்த முறையே இதன் அடிப்படை. உயிரெழுத்துக்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. அகரத்துக்கு மேலே ஆகாரம், இகரத்துக்கு மேலே ஈகாரம், உகரத்துக்கு மேலே ஊகாரம். அன்றியும், இதற்குத் தமிழ் இலக்கணம் ஓரளவு தெரியும். எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வந்து மயங்கும் என்று தொல்காப்பியம் நூன்மரபில் வகுத்துரைத்த இயல்பை இது பயன்கொள்கிறது. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். இரண்டு மகரம் அடுத்து வந்தால் முன்னதன்மேல் புள்ளி தானே ஏறும். 'தங்கம்' என்பதில் ஙகரத்தை அடுத்துக் ககரம் வருவதால், அங்கும் புள்ளி தானே அமையும். ஆறு தட்டு வேண்டிய இடத்தில் ஐந்து போதும். 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாவிடில், முதல் மகரத்தின்பின் அகரத்தைத் தட்டினால் தீர்ந்தது. வாய் ஒலிக்கும் வரிசையிலேயே கையும் செல்கிறது. முத்தையா காலத்து இரும்பு விதித்த கட்டாயம் இங்கே நீங்கிற்று.

கைப்பேசிக்கு 2005-ம் ஆண்டில் 'செல்லினம்' வந்தது. இன்று ஐபோனிலேயே அஞ்சல், தமிழ்99 என்னும் இரு முறைகளும் உள்ளடங்கியிருக்கின்றன. கருவி கைக்குள் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் இளைஞர்கள் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்புகின்றனர். அவர்களை வைவதில் பயனில்லை. தமிழ்99 என ஒன்று இருப்பதையே பலருக்கு எவரும் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளிகளில் அரிச்சுவடியோடு விசைப்பலகையையும் கற்பித்தால் சில வாரங்களில் பிள்ளைகளின் விரல் பழகிவிடும்.

இன்னும் தீராத குறைகள்

எழுதும் வழி எளிதானதனாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ மெய்யொன்றும் குறியொன்றும். ஆகையால் பல நிரல்களில் அழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் எழுத்து முழுதும் போவதில்லை. குறி மட்டும் போய்க் ககரம் நிற்கிறது. எழுதுகிறவர் தம் கையைச் சந்தேகிக்கிறார்.

பெயர் எழுதும் படிவங்களையும் பாருங்கள். முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்கின்றன. தமிழர்க்குத் தந்தை பெயர் உண்டு. குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோர்க்கு இல்லை. நம் அடையாள அட்டைகளில் மகன், மகள் என்பதைக் குறிக்க இடும் சாய்கோட்டைச் சில படிவங்கள் பிழையென்று தள்ளிவிடுகின்றன. பிழை எங்கே இருக்கிறது? பெற்றோர் இட்ட பெயரிலா, அப்பெயரை எண்ணிப் பாராத படிவத்திலா?

தோட்ட அலுவலகத்தில் நாம் கையாண்ட ஒரு சம்பளக் கணக்கு நிரலில், சேமிக்கும் பொத்தானும் நீக்கும் பொத்தானும் ஒரே நிறத்தில், ஒன்றையொன்று தொட்டவாறு இருந்தன. நீக்கலாமா என்று மறுமுறை கேட்கும் வழக்கமும் அதற்கில்லை. மாதக் கடைசியில், நள்ளிரவில் கணக்கு முடிக்கும் கிராணியின் விரல் அரை அங்குலம் தவறினால், தொழிலாளர் ஒருவரின் உழைப்பு ஏட்டிலிருந்தே மறையும். சாக்ஸ்பி கைப்பிடிகளைப் பூட்டியிணைத்து 160 ஆண்டுகளுக்கு மேலாயின. அந்தப் பூட்டு இந்நிரலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

செய்யத்தக்கது

இவ்வரலாற்றில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வருகிறது. கருவி தானாக எளிதாவதில்லை. எழுதிக் களைத்த எழுத்தரும், கற்பிக்கத் துணிந்த பத்திரிகையும், மொழிமீது அன்புகொண்ட பொறியாளரும் அதனை எளிதாக்கினர். ஒவ்வொரு முறை எளிதானபோதும், அதுவரை எழுதாத ஒரு கூட்டம் எழுதத் தொடங்கியது. கடினத்தைக் காப்பவர், அறிந்தோ அறியாமலோ, எழுதும் உரிமையைச் சிலருக்கே காக்கின்றனர்.

ஆகவே, திரை விளங்கவில்லையெனில் வெட்கப்படுவதை நம்மவர் விட்டொழிக்க வேண்டும். "இது எனக்கு விளங்கும்படி இல்லை, திருத்துங்கள்" என்று சொல்லவும் எழுதவும் பழக வேண்டும். சங்கங்களும் ஆலயக் குழுக்களும் பெற்றோர் அமைப்புகளும் இக்குறைகளைத் தொகுத்து உரியவர்க்கு அனுப்ப வேண்டும். சுயமரியாதை என்பது மேடையில் மட்டும் பேசப்படுவதன்று. ஒரு சிறு பொத்தானின் முன்னும் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். கருவி மனிதனுக்காகவே ஆனது. அதை மறந்த கருவியைத் திருத்தச் சொல்வது நம் உரிமை, தோழர்கள் சிந்திப்பார்களாக.