பையன் தங்குவானா?

எங்கள் புராஜெக்ட் கிளையன்ட் மெல்பர்ன்காரர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணி என்றால், புனேயில் எனக்கு விடியற்காலை ஐந்தரை. கையில் காபியோடு கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் யாரும் வேலையைப் பற்றிப் பேசமாட்டார்கள். எல்லாம் 'ஃபூட்டி' பேச்சுதான். அப்படி ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பூர்வகுடிப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஆட்டம் பிரமாதம்தான். ஆனால் தங்குவானா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் எல்லாரும் "அதுதான் கேள்வி" என்றார்கள்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து குப்பை கொட்டும் நமக்கெல்லாம் இது பழகின கேள்விதானே! தேடிப் படித்ததில், இதற்கு நூறு வருடத்துக்குக் குறையாத வரலாறு இருப்பது தெரிந்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது நாம் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். காலால் உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம், அடுத்தவன் தோளில் ஏறிப் பந்தைப் பிடிக்கலாம். கிரிக்கெட் ஆடுபவர்கள் குளிர்காலத்திலும் உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று டாம் வில்ஸ் என்பவர் 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859-ல் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன.

இந்த வில்ஸ் ஒரு விசித்திரமான மனிதர். விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் பூர்வகுடிச் சிறுவர்களோடு விளையாடி, அவர்கள் மொழி பேசி வளர்ந்தவர். 1861-ல் குயின்ஸ்லாந்தில் இவருடைய அப்பாவையும் கூட இருந்த 18 பேரையும் பூர்வகுடிகள் கொன்றார்கள். பதிலுக்கு வெள்ளையர்கள் கொன்றவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. இவ்வளவுக்கும் பிறகு, 1866-ல் முழுக்கப் பூர்வகுடி ஆட்டக்காரர்களைக் கொண்ட ஒரு கிரிக்கெட் அணிக்கு இதே வில்ஸ் பயிற்சி கொடுத்து, டிசம்பர் 26 அன்று எம்.சி.ஜி. மைதானத்தில் இறக்கினார். (ஆமாம், பாக்ஸிங் டே டெஸ்ட்டுக்காக நாம் விடியற்காலையில் எழுந்து டிவி போடுவோமே, அதே எம்.சி.ஜி.!) பூர்வகுடிகள் ஆடிவந்த 'மார்ன்குரூக்' என்ற பந்தாட்டத்திலிருந்துதான் ஃபூட்டி வந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை.

ஆட்களைத் திரட்டிக் கொண்டுவருவது எளிது என்பதை அந்த கிரிக்கெட் அணி காட்டிவிட்டது. கொண்டுவந்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் நடக்கவில்லை. 1867-ல் சிட்னிக்குப் போன பயணம் பணமில்லாமல் பாதியில் நின்றது, சிலர் நோயில் இறந்தார்கள். 1868-ல் இங்கிலாந்து போன அணியிலும் ஒருவர் லண்டனில் இறந்தார். மறு வருடமே விக்டோரியா அரசு ஒரு சட்டம் போட்டது. பெயர் என்னவோ பூர்வகுடிகள் 'பாதுகாப்பு'ச் சட்டம். யார் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை ஒரு வாரியம் தீர்மானிக்கும். அப்புறம் எங்கிருந்து கிளப்புகள் ஆள் தேடுவது?

அதையும் மீறி ஓரிருவர் வந்தார்கள். 1904-ல் ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு ஆடிய ஜோ ஜான்சனைத்தான் பெரிய லீகில் ஆடிய முதல் பூர்வகுடி வீரர் என்கிறார்கள். ஆனால் எனக்கு இந்தக் கதை உண்மையில் ஆரம்பிப்பது டக் நிக்கல்ஸிடம்தான்.

1906-ல் மர்ரே நதிக்கரையில் கம்மராகுஞ்சா என்ற மிஷன் குடியிருப்பில் பிறந்தவர். இவர் சின்னப் பையனாக இருந்தபோது போலீஸ் வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டு போனது. கலப்பினக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் அடைப்பது அப்போது அரசாங்கக் கொள்கை. 1927-ல் கார்ல்டன் கிளப் இவரைச் சோதித்துப் பார்க்கச் சேர்த்துக்கொண்டது. ஆள் குள்ளம், ஐந்தடி இரண்டு அங்குலம்தான், ஆனால் ஓட்டத்தில் யாரும் கிட்டே நெருங்க முடியாது. அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இவர் மேல் நாற்றம் அடிக்கிறது என்று சக ஆட்டக்காரர்கள் சொன்னதாகவும், உடம்பு பிடித்துவிடுபவர் தொட மறுத்ததாகவும் வரலாறு. கிளப் அவரை அனுப்பிவிட்டது.

அவர் அடுத்த லீகில் நார்த்கோட் அணிக்குப் போய், 1929-ல் கோப்பை வென்று, 1932-ல் ஃபிட்ஸ்ராய் மூலம் பெரிய லீகுக்குள் வந்தார். அங்கேயும் முதலில் டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு மூலையில் தனியாகத்தான் உட்கார்ந்து உடை மாற்றினாராம். அணியின் பெரிய நட்சத்திரம் ஹேடன் பன்டன், முந்தின வருடம்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவர் போய் நிக்கல்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் செய்தார். அதற்குப் பிறகு நிக்கல்ஸ் அங்கே ஆறு சீசன் ஆடினார், 1935-ல் விக்டோரியா மாநில அணியிலும் ஆடினார். (பிற்பாடு பாதிரியாராகி, சர் பட்டம் பெற்று, 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஆனது தனிக் கதை.)

ஒரே ஆள், அதே கால்கள். ஒரு கிளப்பில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, இன்னொன்றில் ஆறு வருடம் நின்றார். "தங்குவானா?" என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

அடுத்த முப்பது வருடத்தில் பணம் உள்ளே வந்தது. மெல்பர்ன் கிளப்புகள் செக் புத்தகத்தோடு மேற்கே பெர்த்துக்குப் பறக்க ஆரம்பித்தன. அப்படி 1962-ல் ஜீலாங் அணிக்கு வந்தவர் கிரஹாம் ஃபார்மர், செல்லமாக 'பாலி'. பெர்த்தில் சிஸ்டர் கேட் விடுதியில் வளர்ந்தவர். கார் ஜன்னல் வழியாகப் பந்தைக் கையால் குத்தி அனுப்பிப் பழகியவர். அதுவரை வேறு வழியில்லாதபோது செய்த கைக்குத்தை எதிரணியைத் தாக்கும் ஆயுதமாக மாற்றினார். 1963-ல் ஜீலாங் கோப்பை வென்றது. பின்னாளில் அதே கிளப்புக்கு கோச்சாகவும் இருந்தார்.

1982-ல் நார்த் மெல்பர்ன் கிளப் கிரேக்குவர் சகோதரர்கள் ஜிம், ஃபில் இருவரையும் பெர்த்திலிருந்து சேர்த்தே கூட்டி வந்தது. பார்க்காமலே பந்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். ஊடகங்கள் 'மாயாஜாலம்' என்று எழுதின. இந்த வார்த்தையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வெள்ளைக்காரப் பையன் நன்றாக ஆடினால் உழைப்பு, புத்திசாலித்தனம். பூர்வகுடிப் பையன் ஆடினால் இயற்கை, மாயம். அண்ணனும் தம்பியும் கொல்லைப்புறத்தில் பத்து வருடம் பழகியது கணக்கில் வராதா? ஆள் தேடுபவர்களின் நோட்டிலும் இதே வார்த்தைகள்தான். அதனால் இந்தப் பையன்களை எப்போதும் கோல் அடிக்கும் மூலையில் நிறுத்திப் பார்த்தார்களே தவிர, தலைவனாக வருவான் என்று நெடுங்காலம் யாரும் எழுதவில்லை.

1986-ல் டிராஃப்ட் முறை வந்தது. பட்டியலில் கடைசியாக வந்த கிளப் முதலில் தேர்ந்தெடுக்கும், அப்படியே மேலே போகும். 18 வயதுப் பையனுக்கு எந்த ஊர் என்று கேட்கும் உரிமை கிடையாது. கேம்பஸில் வேலை கிடைத்து, போஸ்டிங் நொய்டாவா ஹைதராபாத்தா என்று தெரியாமல் பெட்டி கட்டிய நம் ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் ஒரு வித்தியாசம். நாம் போகிற ஊரில் சனிக்கிழமை கோயிலுக்குப் போனால் நாலு தமிழ்க் குரல் காதில் விழும். பாலைவனத்திலிருந்து வரும் அந்தப் பையனுக்கு அதுவும் கிடையாது. போதாததற்கு, அவன் வேலை செய்யும் இடத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் எத்தனை பேர் என்ன கத்துவார்கள் என்று சொல்ல முடியாது.

1993 ஏப்ரல் 17 அன்று கத்தினவர்களைப் பார்த்துத்தான் நிக்கி வின்மார் தன் ஜெர்சியைத் தூக்கி, கறுப்புத் தோலை விரலால் சுட்டிக்காட்டினார். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். 1995-ல் மைக்கேல் லாங், களத்தில் எதிரணி ஆட்டக்காரர் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டியதைச் சும்மா விடாமல் புகார் கொடுத்தார். அந்த வருடமே லீக் இனவசைக்கு எதிராக விதி கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், ஆள் தேடும் வேலையில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் இந்த விதிதான். எத்தனை ஊருக்குப் போய் எத்தனை பையன்களைப் பார்த்தாலும், கொண்டுவந்து விடும் இடம் நரகமாக இருந்தால் என்ன பயன்?

லாங் டார்வினிலிருந்து வந்தவர். அவருடைய அப்பா அம்மா இருவருமே குழந்தையாக இருக்கும்போது குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் போய், "உங்கள் பையனை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? கிளப்புகள் இதை யோசிக்கவே வெகு காலம் ஆனது. கெவின் ஷீடி கோச்சாக இருந்த எஸன்டன் அதை முன்கூட்டியே புரிந்துகொண்ட கிளப். லாங் 1993 இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனபோது பதக்கத்தைக் கொடுத்தவர் மாரிஸ் ரியோலி, டிவி தீவுக்காரர். 1982-ல் தோற்ற ரிச்மண்ட் அணியில் இருந்துகொண்டே அதே பதக்கத்தை வாங்கியவர்.

டிவி என்றதும் தொலைக்காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். டார்வினுக்கு வடக்கே உள்ள இரண்டு தீவுகளின் பெயர் அது. 1941-ல் மிஷனரிகள் ஃபூட்டியைக் கொண்டு போனார்கள். மொத்த ஜனத்தொகை மூவாயிரத்தைத் தொடாது. நம்மூர்ப் பெரிய அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் ஒன்றில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அங்கிருந்துதான் ரியோலி குடும்பமே வந்தது. மாரிஸுக்கும் லாங்குக்கும் மருமகன் முறையான சிரில் ரியோலியை 14 வயது வாக்கிலேயே மெல்பர்னில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். அதனால் 2007-ல் ஹாத்தார்ன் கிளப் 12-வது ஆளாக எடுத்தபோது ஊர் அவருக்குப் பழகியிருந்தது. நான்கு கோப்பைகள், 2015-ல் குடும்பத்துக்கு மூன்றாவது முறையாக அதே பதக்கம். 2018-ல் 28 வயதிலேயே போதும் என்று டார்வின் திரும்பினார். கிளப்பில் கேட்ட புண்படுத்தும் பேச்சுகளும் ஒரு காரணம் என்று 2022-ல் அவரும் மனைவியும் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிரானது லியாம் ஜுராவின் கதை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி உள்ள யுவெண்டுமு ஊர்க்காரர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல, வார்ல்பிரிதான். 2008 டிசம்பரில் மெல்பர்ன் கிளப் எடுத்தது. 2010-ல் அந்த வருடத்தின் மிகச் சிறந்த பிடி அவருடையது. ஆனால் ஊரில் குடும்பங்களுக்குள் பகை மூண்டது, வழக்கு, கோர்ட் என்று போய், 2012-ல் எல்லாம் முடிந்தது. ஊரில் சண்டை என்றால் வார்ல்பிரி ஆண்மகன் அங்கே இருந்தாக வேண்டும் என்பது உறவுமுறைக் கடமை. "அவன் தங்கவில்லை" என்று எழுதிவிடுவது சுலபம். இறுதிச் சடங்குக்கு லீவு கிடைக்காமல் போனில் அழுத யாரையாவது கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அதே 2012-ல்தான் ஒரு பூகம்பம். அடிலெய்ட் கிளப்பின் ஆள் தேர்வுக்குப் பொறுப்பாளர் மேட் ரெண்டல், பெற்றோரில் ஒருவராவது வெள்ளையராக இருந்தால்தான் பூர்வகுடிப் பையன்களை கிளப்புகள் எடுக்கும் என்ற அர்த்தத்தில் பேசியது வெளியே வந்து, வேலை போனது. அப்படி ஒரு நிலைமை வந்துவிடும் என்று எச்சரிக்கத்தான் சொன்னேன் என்றார் அவர். எச்சரிக்கையோ கொள்கையோ, பூட்டிய அறைக்குள் நிலவிய பயம் என்ன என்பது வெளியே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்தே பிடிக்க வேண்டும் என்ற யோசனை 2000-ல் பெர்த்தில் க்ளான்டார்ஃப் அறக்கட்டளையாக உருவெடுத்திருந்தது. பையன் வகுப்புக்கு ஒழுங்காக வந்தால்தான் ஃபூட்டி. பையன்களுக்கு மட்டும்தானா, பெண்பிள்ளைகளுக்கு என்ன என்ற கேள்வி அன்றே எழுந்தது, அது நியாயமான கேள்வியும்கூட. 2016-ல் லீகே ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வட்டாரத்தை ஒதுக்கி, அங்குள்ள பூர்வகுடிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டால் டிராஃப்ட்டில் சலுகை என்றது. 2020-ல் அப்படி வளர்ந்த ஜமாரா யூகிள்-ஹேகன் டிராஃப்ட்டில் முதல் ஆளாகவே போனார். மற்ற கிளப்புகளுக்கு வயிறு எரிந்தது. உடனே சலுகையை வெட்டினார்கள். பலன் இல்லாத இடத்தில் கிளப் ஏன் பணம் போடும்? கொரோனாவுக்குப் பிறகு அணிகளின் ஆள் எண்ணிக்கையும் குறைந்தது. 2010-களில் லீகில் பத்தில் ஒருவர் பூர்வகுடி (நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் 2021 கணக்குப்படி 3.2 சதவீதம்தான்). 2020-க்குப் பிறகு அந்த எண்ணிக்கை வருடா வருடம் சரிந்தது. 2024-ல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாரிஸ் ரியோலி 2010-ல் இறந்தபோது அவருடைய சின்ன மகனுக்கு எட்டு வயதுதான். அப்பாவின் பெயரே அவனுக்கும். 2020 டிராஃப்ட்டில் இந்த மாரிஸ் ஜூனியருக்கு விதிப்படி மூன்று கிளப்புகளின் கதவு திறந்திருந்தது. அப்பா பெர்த்தில் ஆடியதால் ஃப்ரிமேன்டில், டிவி தீவுகள் வட்டாரம் என்பதால் எஸன்டன், அப்பா மெல்பர்னில் ஆடிய ரிச்மண்ட். ஊரை அவனே தேர்ந்தெடுக்கலாம். ரிச்மண்ட் என்றான். அங்கே சொந்தக்கார அண்ணன் டேனியல் ரியோலி ஏற்கெனவே ஐந்து வருடமாக ஆடிக்கொண்டிருந்தார்.