மண்ணெண்ணெயும் அமெரிக்கச் சட்டமும்

மின்சாரம் வந்து சேருமுன்னர், சண்டிலிப்பாய்த் தோட்டக்காரருக்கு மண்ணெண்ணெய் இரு வகையிற் பயன்பட்டது. இரவில் விளக்கெரித்தது, பகலில், துலா மிதித்துக் களைத்த கால்களுக்கு ஓய்வளித்து, வெங்காயப் பாத்திக்கும் புகையிலைக் கன்றுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை ஓட்டியது. அவ்வெண்ணெயை இலங்கைக்குக் கொண்டுவந்து விற்றவை ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் என்னும் பிறநாட்டுக் கம்பனிகள். வெளிநாட்டு உதவியைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டமொன்று முதன்முதலாக இலங்கைமீது பாய்ந்ததற்கு இந்த எண்ணெய் வியாபாரமே காரணமாயிற்று.

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் வர்த்தக அமைச்சராயிருந்த டி. பி. இலங்கரத்தினா இதில் முன்னின்றார். சோவியத் நாடு முதலியவற்றிலிருந்து எண்ணெய் தருவிக்கப்பட்டது; 1962இல் கம்பனிகளின் களஞ்சியங்களும் விற்பனை நிலையங்களும் சில கையேற்கப்பட்டன. நட்டஈடு கொடுப்பதில்லை என்று அரசு கூறவில்லை. எவ்வளவு, எப்பொழுது என்பதிலேதான் பிணக்கு மூண்டது.

அதே வேளையில் வாஷிங்டனில் வேறொரு கோபம் கனன்றுகொண்டிருந்தது. பிரேசில் நாட்டின் மாகாணமொன்று அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியொன்றைக் கையேற்றிருந்தது. அதனாற் சினமுற்ற அயோவா மாநிலச் செனற்றர் ஹிக்கன்லூப்பர், வெளிநாட்டு உதவிச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அமெரிக்கர் உடைமையைப் பறித்த நாடு ஆறு மாதத்துள் நட்டஈட்டுக்குத் தக்க நடவடிக்கை எடுக்காவிடின், ஜனாதிபதி உதவியை நிறுத்தியே ஆகவேண்டும் என்றது அது. ஜனாதிபதி கென்னடியின் நிருவாகம் இதனை விரும்பவில்லை. இராசதந்திரம் நெளிந்து கொடுக்க வேண்டிய இடத்தில் சட்டம் விறைத்து நின்றால் என்ன பயன்? ஆயினும் 1962 ஆகஸ்டில் அது சட்டமாயிற்று.

தென்னமெரிக்காவை எண்ணிச் செய்த சட்டம் இலங்கையின் தலையில் விழுந்தது. 1963 பெப்ரவரி 8ஆம் நாள் உதவி நிறுத்தப்பட்டது. அப்பொழுது கொழும்பில் அமெரிக்கத் தூதுவராயிருந்த பிரான்சிஸ் வில்லிஸும் ஒரு பெண்மணியே என்பது ஒரு சுவையான பொருத்தம். ஆனால் அச்சுறுத்தல் எண்ணிய பயனைத் தரவில்லை. 1964 ஜனவரி முதல் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1965 மார்ச்சில் ஆட்சி மாறி, டட்லி சேனநாயக்கா அரசு கம்பனிகளுடன் நட்டஈட்டு உடன்பாடு செய்த பின்னரே உதவி மீண்டது. அப்பொழுதும் கூட்டுத்தாபனம் கலைக்கப்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இலங்கை இத்தகைய சட்டத்தைச் சந்தித்தது அது முதல் முறையன்று. கொரிய யுத்த காலத்தில், போருக்குதவும் பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்போருக்கு உதவி இல்லை என 1951இல் 'பற்றில் சட்டம்' விதித்தது. அரிசித் தட்டுப்பாட்டில் உழன்ற இலங்கையோ, 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி. சோறா, டொலரா என்ற கேள்விக்கு மேற்கத்திய சார்புடைய அரசே சோறு என்று விடை கூறியது. அமெரிக்காவுடன் பொருளாதார உதவி உடன்படிக்கை கைகூட 1956ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

ஹிக்கன்லூப்பர் திருத்திய அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிப் பிறந்த அமெரிக்க அபிவிருத்தி முகவரகம் 2025 ஜூலை முதலாம் நாள் தன் தனித்த இயக்கத்தை நிறுத்தியது. அம்மாதமே, முன்னர் ஒதுக்கிய வெளிநாட்டு உதவிப் பணத்தில் ஏறத்தாழ 800 கோடி டொலரை மீளப்பெறும் சட்டமும் நிறைவேறியது. 1963இல் உதவியை மீட்க என்ன செய்யவேண்டும் என்பதாவது இலங்கைக்குத் தெரிந்திருந்தது. இம்முறை, உதவி பெற்றுவந்த நாடுகளிடம் அத்தகைய நிபந்தனை எதுவும் கேட்கப்படவில்லை.