சூப்பர்நோவா எச்சங்களில் நியூட்ரான் விண்மீனை அடையாளம் காணுதல்

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறைகொண்ட விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் மையம் நொறுங்கி சூப்பர்நோவாவாக வெடிக்கிறது. சிதறிய வாயு எச்சமாகப் பரவுகிறது. நடுவே பெரும்பாலும் மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான், நிறையோ சூரியனைவிட அதிகம். இப்படியொன்று உருவாகும் என்று வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் சுவிக்கியும் 1934-இல் கூறினர். 1968-இல் நண்டு நெபுலாவில் 33 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சர் (சுழன்றபடி ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) அகப்பட்டதும் அக்கூற்று உறுதியானது. 1054-இல் சீனர்கள் பதிந்துவைத்த வெடிப்பின் எச்சமே அந்த நெபுலா. அந்தப் பல்சரின் வேகத்தில், இன்னொரு அடர்ந்த விண்மீன் வகையான வெண்குறுமீன் சுழன்றால் சிதறிவிடும்; எனவே அது நியூட்ரான் விண்மீனாகவே இருக்க வேண்டும்.

திருப்பூர், கோவை வட்டாரத்துக்கு அருகே இத்துறையில் உழைக்கும் கருவி உதகை முத்தோரையிலுள்ள ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைக்க, 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். எதிரொளிக்கும் பரப்பு தகடு அன்று. இணையாக இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமானதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய இந்த யோசனை இந்திய அறிவியலின் மிக அழகிய தீர்வுகளுள் ஒன்று.

கருவி இருந்தால் மட்டும் துடிப்பு தெரிந்துவிடாது. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகின்றன. உதகைக் கருவி கேட்கும் 326.5 மெகாஹெர்ட்சில் நண்டு பல்சரின் துடிப்பு, மிக உயர்ந்த அதிர்வெண்ணைவிட இரண்டு நொடிக்கு மேல் பிந்தி வருகிறது. 4 மெகாஹெர்ட்சு அகலப் பட்டைக்குள்ளேயே 50 மில்லிநொடிக்கு மேல் வேறுபாடு. 33 மில்லிநொடித் துடிப்பு அதில் கரைந்துபோகும். எனவே பட்டையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தாமதத்தையும் சரிசெய்து கூட்டுகிறார்கள்.

துடிப்பு கிடைத்த பின்னும், அது இந்த எச்சத்துக்கு உரியதா என்பதற்கு இடமும் தொலைவும் வயதும் பொருந்த வேண்டும். சிக்கலானது வயதுதான். புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி 2005-இல் ஜி21.5-0.9 என்ற எச்சத்தில் 62 மில்லிநொடிப் பல்சரைக் கண்டறிந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸும் அதைத் தனியே கண்டது. சுழற்சி தளரும் வீதத்தைக் கொண்டு கணக்கிட்டால் வயது ஏறத்தாழ 4,800 ஆண்டு. எச்சம் விரியும் வேகமோ ஆயிரம் ஆண்டை ஒட்டியே காட்டுகிறது. பிறந்தபோதே இன்றைய வேகத்துக்கு நெருக்கமாகச் சுழன்றிருந்தால் இந்த முரண் தீரும்.

துடிப்பே காட்டாத நியூட்ரான் விண்மீன்களும் உண்டு. காசியோப்பியா ஏ எச்சத்தின் மையப் புள்ளியை 1999-இல் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி காட்டியது. 1987-இல் வெடித்த எஸ்.என். 1987ஏ-இன் நியூட்ரான் விண்மீனுக்கு, அயனியான ஆர்கான் கோடுகள் வழியே 2024-இல் ஜேம்ஸ் வெப் வலுவான சான்று தந்தது.