தேசாதிபதி தந்த ஆசனம்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையை நாம் அறிவோம். அவ்வூரிலே 1807 ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச் செட்டியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘தமிழ் புளூட்டார்க்’ நூலின் ஆசிரியர் என்று ஒரு வரியிற் குறித்துவிட்டு இலக்கிய வரலாறு அப்பாற் சென்றுவிடுகிறது. அவர் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். அச்சபை யாருடைய சபை என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833 இல் இலங்கைச் சட்டநிரூபண சபை அமைந்தது. உறுப்பினர் 15 பேர். அவருள் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். எஞ்சிய 6 ஆசனங்களுள் மூன்று ஐரோப்பியருக்கு. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஒன்று. அனைவரும் தேசாதிபதியின் நியமனமே. ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமியின் மறைவுக்குப் பின் 1838 இல் தமிழர் ஆசனம் காசிச் செட்டிக்குக் கிடைத்தது; 1845 வரை அதில் அமர்ந்திருந்தார். தமிழரின் பிரதிநிதி எனப்பட்ட அவருக்குத் தமிழர் எவரும் வாக்களித்ததில்லை. உத்தியோகப் பற்றற்ற அறுவரும் ஒன்றுபட்டாலும், ஒன்பது கைகள் உயர்ந்தால் முடிவு முடிவுதான்.

அவ்வாண்டுகளில் அச்சபை இயற்றிய சட்டங்கள் இரண்டை நோக்குவோம். 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. ஓலைச் சாசனமின்றித் தலைமுறையாகச் சேனை செய்த குடியானவன் எதைக் காட்டி உரிமையை நிறுவுவான்? நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. 1844 இன் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. மக்கள் தேர்ந்த காங்கிரஸ் இருந்த அமெரிக்காவோ உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 இலேதான் அதனை ஒழித்தது. இதனால் நியமன சபையைப் புகழலாமா? ஆகாது. தோட்ட முதலுக்கு வேண்டியது நிலமும் கூலியுமே, அடிமையன்று.

ஆயினும் காசிச் செட்டியின் பேனா தேசாதிபதி தந்ததன்று. ஆசனம் கிடைப்பதற்கு முன்பே, 1834 இல், இலங்கையின் ஊர்களை விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ நூலை வெளியிட்டார். முக்குவர், பரவர் ஆகிய கரையோர மக்களின் வரலாற்றை ஆராய்ந்தெழுதினார். பின்னர் அரசாங்க சேவையிற் சேர்ந்து சிலாபத்தில் நீதிபதியாய் இருந்தார். 1859 இல் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டு, மறு ஆண்டு மறைந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதினார். புத்தளத்து உப்பளத் தொழிலாளிக்கும் கற்பிட்டி மீனவனுக்கும் அது எட்டாத நூல். எனினும் புலவர் சரித்திரத்துக்கு அவரிட்ட வழியிலேயே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றி 1886 இல் வெளியிட்டார்.

சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அதனை 1949 இல் இழந்தனர். தேசாதிபதி தந்தது ஓர் ஆசனம். தந்தவனே அதன் எல்லையையும் வகுத்தான். மேலிருந்து தருவது எதுவும் மேலிருந்தே பறிக்கப்படலாம். காசிச் செட்டியின் ஆசனம் மறக்கப்பட்டது; அவருடைய ஏடு நிலைத்தது. அந்த ஏட்டில் இடம்பெறாத உழைப்பாளரின் வரலாற்றை அவர்களுடைய மொழியிலேயே எழுதுவது, அவர் நமக்கு விட்டுச்சென்ற பாக்கி.