ஏட்டில் மாறியதும் மாறாததும்: விவிலியமும் குர்ஆனும் நம் கைக்கு வந்த வரலாறு



படிவம் 4 தமிழ்மொழி வகுப்பில் ஒரு மாணவன் திடீர்னு கேட்டான்: "சார், பைபிளைப் பல தடவை மாத்திட்டாங்களாம். குர்ஆன்ல ஒரு எழுத்துகூட மாறலையாம். நெசமா சார்?" வகுப்பில் இரண்டு கிறிஸ்துவப் பிள்ளைகள், ஓர் இந்திய முஸ்லிம் மாணவி. மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் "பாடத்தைப் பார்ப்போம்ப்பா" என்று நழுவிவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. உங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி ஒருநாள் எழலாம். ஆகவே, எது உண்மை வேதம் என்ற விவாதத்துக்குள் போகாமல், ஏடுகளின் வரலாற்றை மட்டும் பார்ப்போம்.

'பாடபேதம்' என்ற சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. சங்க நூலைப் பதிப்பித்தவர்கள் ஓர் ஏட்டை இன்னோர் ஏட்டோடு ஒப்பிட்டுத் திணறிய கதை நமக்குத் தெரியும். கையால் படியெடுத்த நூல் எதுவானாலும் அந்தச் சிக்கல் உண்டு.

முதலில் புதிய ஏற்பாடு. தொடக்க காலத்தில் இதற்குப் 'பொறுப்பாளர்' என்று ஒருவருமில்லை. ஓர் ஊர்ச் சபைக்கு வந்த கடிதத்தைப் பக்கத்து ஊர்க்காரர் வாங்கிப் படியெடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து இன்னொருவர். அரசின் ஆதரவு கிடையாது. 303ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்நூல்களை எரிக்கவே ஆணையிட்டார். இப்படிப் பரவியவற்றில் இன்று கிரேக்கப் படிகள் மட்டும் 5,000க்கு மேல் உள்ளன. ஆங்கில அறிஞர் ஜான் மில் 1707இல் தம் பதிப்பில் சுமார் 30,000 பாடபேதங்களைக் காட்டியபோது பலர் அதிர்ந்துபோனார்கள். பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் வரிசை மாற்றம் போன்றவைதாம். படி கூடக்கூட பேதத்தின் எண்ணிக்கையும் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் பெரியவையும் உண்டு, மறைக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் ஏட்டிலும் வத்திக்கான் ஏட்டிலும் மாற்கு நற்செய்தியின் கடைசி 12 வசனங்கள் இல்லை. "பாவம் இல்லாதவன் முதல் கல்லை எறியட்டும்" என்று இயேசு சொல்வதாக வரும் புகழ்பெற்ற நிகழ்ச்சி, யோவான் நற்செய்தியின் மிகப் பழைய படிகளில் காணப்படவில்லை; சில படிகளில் அது லூக்காவில் போய் உட்கார்ந்திருக்கிறது! எராஸ்மஸ் கதை இன்னும் சுவையானது. யோவானின் முதல் கடிதத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூன்றும் ஒன்று என்று சொல்லும் வரியைத் தம் 1516, 1519 கிரேக்கப் பதிப்புகளில் அவர் சேர்க்கவில்லை. பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லையே! எதிர்ப்பு வலுத்தது. அந்த வரி உள்ள கிரேக்கப் படி ஒன்று அவர் முன் வைக்கப்பட்டது. 1522இல் சேர்த்தார். அங்கிருந்து அது பல மொழிபெயர்ப்புகளுக்குள் புகுந்தது. நம் பழைய தமிழ் விவிலியத்திலும் இருக்கிறது.

இனி குர்ஆன். இது முதலில் ஓதப்பட்டது, நினைவில் வாழ்ந்தது. நபிகள் நாயகம் 632இல் மறைந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுக்குள், மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில், சிரியா வீரர்களும் ஈராக் வீரர்களும் ஓதுவதில் வேறுபட்டுச் சர்ச்சை செய்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. உஸ்மான், ஸைத் இப்னு ஸாபித் தலைமையில் ஒரு குழு அமைத்துப் படிகளை எழுதச்செய்து, முக்கிய நகரங்களுக்கு அனுப்பி, மற்றவற்றை எரித்துவிடச் சொன்னார். கூஃபாவில் இருந்த மூத்த நபித்தோழர் இப்னு மஸ்ஊத் இதை எளிதில் ஏற்கவில்லை. இவை எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல, முஸ்லிம் மரபே பாதுகாத்து வைத்திருப்பவை.

அப்படியும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. அன்றைய அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை, புள்ளிகளும் குறைவு. முதல் அத்தியாயத்திலேயே ஒரு சொல்லை 'மாலிக்' (உரிமையாளர்) என்றும் 'மலிக்' (அரசர்) என்றும் ஓதுவது உண்டு. 936இல் மறைந்த இப்னு முஜாஹித் ஏழு ஓதல் முறைகளை ஏற்றுத் தொகுத்தார். நாம் இங்கு கேட்பது ஹஃப்ஸ் முறை; மொரோக்கோவில் வர்ஷ் முறை. 1972இல் ஏமனின் சனா பெரிய பள்ளிவாசலில் கிடைத்த ஏடுகளில் ஒன்றில், அழித்த எழுத்தின் மேல் மறுபடி எழுதியிருந்தார்கள். அடியில் இருந்த பாடம் உஸ்மானியப் பாடத்திலிருந்து சில சொற்களில் வேறுபடுகிறது. ஆனாலும் பழைய குர்ஆன் ஏடுகளிடையே உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

அப்படியானால் இந்த வேறுபாடு எதனால்? ஓர் இடத்தில் நினைவாற்றல் மிக்க ஓதுவார்களும், ஓர் அரசும், ஒரு தலைமுறைக்குள்ளேயே கைகொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் முதல் 300 ஆண்டுக்கு அப்படியோர் அதிகாரமே இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்து ஒரு தரப்பை 'திருத்தல்காரர்கள்' என்பது என் பார்வையில் அநியாயம். எங்கெங்கோ சிதறிக்கிடந்த படிகளை ஒருவர் நினைத்தாலும் ஒரே நாளில் மாற்றியிருக்க முடியாது. செருகல்களை இன்று கண்டுபிடிக்க முடிவதும் அந்தச் சிதறலால்தான்.

இன்னொன்று, கிறிஸ்துவர்களுக்கும் ஒன்றாக்கும் வாய்ப்பு வந்தது. 2ஆம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் முரணில்லாமல் ஒரே நூலாகப் பின்னினார். சிரியச் சபைகள் அதைப் பல தலைமுறை வாசித்தன. 5ஆம் நூற்றாண்டில் ஆயர் தியோடொரெட் அதன் 200க்கு மேற்பட்ட படிகளை அகற்றிவிட்டு, ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகாத அந்த நான்கையே திரும்ப வைத்தார். அங்கே 'ஒரே பாடம்' வேண்டுமென்று நூலைக் காத்தார்கள். இங்கே நான்கு சாட்சிகள் வேண்டுமென்று ஒன்றை விட்டார்கள்.

அடுத்த வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட பையன், "அப்ப எரிக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் சார்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த முஸ்லிம் மாணவி, "ஏழு கிராஅத் பத்தி எங்க உஸ்தாத் சொல்லியிருக்காரு. நான் கேட்டுட்டு வர்றேன்" என்றாள். கிறிஸ்துவப் பிள்ளைகளில் ஒருத்தி அதற்குள் பையிலிருந்து விவிலியத்தை எடுத்து, மாற்கு 16ஆம் அதிகாரத்தைத் தேடத் தொடங்கியிருந்தாள்.